படுவான்கரைத் தயிரும் பெருங்குடற் குடிகளும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டவர் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. நிலத்துக்குப் பெயரிடுவதில் இத்துணை நயங் காட்டிய மக்கள் வேறெங்கும் உளரோ என்பது ஐயமே. ஆயினும், யாழ்ப்பாணத்தவராகிய நம்மிற் பலருக்கு இப்பெயர்கள் தெரியுமுன்னரே தெரிந்திருப்பது படுவான்கரையின் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் சிந்தாத தயிர் என்று அதனைச் சிறப்பித்துப் பேசுவர். கவிழ்த்துப் பார்க்கும் துணிவு நமக்கு என்றும் வந்ததில்லை. அகப்பையால் வெட்டி எடுக்கவேண்டிய தயிர் என்பதை மட்டும் நாமே கண்டிருக்கிறோம்.

சென்ற சித்திரை விடுமுறையில் இத்தயிர் பிறக்கும் இடத்திற்கே செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம்முடன் கற்பிக்கும் நண்பரொருவர் படுவான்கரையைச் சேர்ந்தவர். அவருடைய தமக்கையார் வீட்டில் எருமைப் பட்டி உண்டு. தயிரே அவர்களுடைய தொழில். உயிரியல் கற்பிக்கும் நமக்கோ வேறொரு நாட்டமும் இருந்தது. குடலில் வாழும் பற்றீரியாக்களைப் பற்றிய வினாக்கள் அண்மைக் காலத்தில் வகுப்பறையிலே பெருகியிருக்கின்றன. 'நல்ல பற்றீரியா' அடங்கியதென விளம்பரஞ் செய்யப்படும் குளிகைகளையும் பானங்களையும் மாணவர்கள் காண்கிறார்கள். "சேர், தயிரிலும் அதுதானே இருக்கிறது? பிறகேன் காசு கொடுத்துக் குளிகை வாங்குகிறார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான். இரண்டு வரியில் விடை கூறிவிடக்கூடிய கேள்வியன்று அது. தயிரின் ஊரிலே நின்று அதைப்பற்றிச் சிந்திப்பது நன்றெனத் தோன்றியது.

இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினோம். விடியற்காலையில் மட்டக்களப்பை அடைந்தோம். கல்லடிப் பாலத்தைக் கடக்கையில், வேனிற்கால நிலவில் வாவியிலே மீன்கள் பாடுமென்ற பேச்சு எழுந்தது. காலை ஏழு மணிக்கு அவை பாடா என்று நண்பர் கூறிவிட்டார். கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளாரின் சமாதியை வணங்கிச் சென்றோம். 'யாழ் நூல்' தந்த அப்பெரியார் விஞ்ஞானமும் கற்றுக் கற்பித்தவர் என்பதை நம் மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பின்பு காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகச் சென்று மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். 2014 ஆம் ஆண்டிற்கு முன்னர் இவ்விடத்திலே பாலம் இல்லை, படகுப்பாதையிற் கடக்கவேண்டும். நோயாளியையும் தயிர்ச்சட்டியையும் ஒரே படகில் ஏற்றிக்கொண்டு காத்திருந்த காலத்தை நண்பர் நினைவுகூர்ந்தார்.

பாலத்துக்கு அப்பால் வேறோர் உலகம். அறுவடை முடிந்த வட்டைகள் பொன்னிறமான தாளடியோடு கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தன. ('வட்டை' என்பது இங்கு வயல்வெளியைக் குறிக்கும் சொல்.) ஆங்காங்கே நீர் தேங்கிய பள்ளங்களில் எருமைகள் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தன. கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைத் தரிசித்தோம். இக்கோயிலின் கல்நந்தியைப் பற்றிய ஐதிகத்தை அறியாதவர் மட்டக்களப்பிலே இலர். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் 'இக்கல் புல் தின்னுமோ?' என்று எள்ளி நகையாடினராம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டதாம். ஐதிகத்தை ஐதிகமாகவே போற்றுவோம். ஆனால் உயிரியல் ஆசிரியன் ஒருவன் அந்நந்தியின் முன் நிற்கும்போது மற்றோர் எண்ணமும் தோன்றாமற் போகாது. உயிருள்ள மாடு புல்லைத் தின்று சீரணிப்பதும் ஏறக்குறைய அற்புதமே. புல்லிலும் வைக்கோலிலும் உள்ள செலுலோசு என்னும் நார்ப்பொருளைச் சிதைக்கும் நொதியத்தை எருமை தானாக ஆக்குவதில்லை, மனிதனும் ஆக்குவதில்லை, பாலூட்டிகளுள் எதுவுமே ஆக்குவதில்லை. அவ்வேலையைச் செய்வன நுண்ணங்கிகள்.

எருமையின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதலாவதான மிகப்பெரிய அறை, உண்மையில் ஒரு நொதித்தற் சாடி. வைக்கோல் அதனுள்ளே போகிறது. கோடானுகோடி பற்றீரியாக்கள் அதனைச் சிதைத்து அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் என்னும் மூன்று சிற்றமிலங்களாக மாற்றுகின்றன. இவ்வமிலங்களே குருதியிற் சேர்ந்து எருமைக்குச் சக்தியளிக்கின்றன. எருமை வைக்கோலைத் தின்கிறது என்று நாம் சொல்வது பாதி உண்மைதான்; வைக்கோலைக் கொண்டு தன் வயிற்றிலுள்ள குடிகளுக்கு அது விருந்திடுகிறது; அக்குடிகள் இறுக்கும் வரியில் அது வாழ்கிறது. இதனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும். இதே மூன்று அமிலங்களை வேறோரிடத்தில் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

நண்பரின் தமக்கையார் வீடு குளக்கட்டிற்கு அண்மையில் இருந்தது. "வாங்க சேர், இரிங்க" என்று வரவேற்றார்கள். நம்மூரில் 'வாங்கோ, இருங்கோ' என்போம். இரு வழக்கிலும் உள்ள அன்பு ஒன்றே. வீட்டிலே நான்கு தலைமுறை. தமக்கையாரின் மாமியாருக்கு எண்பது கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் அவரைப் 'பெத்தா' என்றே அழைத்தனர். தமக்கையாரும் அத்தானும் பட்டியைப் பார்ப்பவர்கள். மூத்த மகனுக்கு வயது முப்பத்தைந்து, பட்டணத்திலே வேலை. அவருடைய மகன் எட்டு வயதுச் சிறுவன், விடுமுறையைக் கழிக்க வந்திருந்தான்.

தயிர் தோய்க்கும் முறையைத் தமக்கையார் ஒளிவுமறைவின்றிக் காட்டினார். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆயினும் கைப்பழக்கம் வேண்டும். விடியலிற் கறந்த பாலைத் துணியில் வடித்து, பெரிய பாத்திரத்திற் பொங்கக் காய்ச்சுகிறார்கள். பிறகு ஆறவிடுகிறார்கள். எத்துணை ஆறவேண்டுமென்பதற்கு வெப்பமானி இல்லை; சிறுவிரலை நனைத்துப் பார்க்கிறார்; விரல் பொறுக்கும் சூடு இருத்தல் வேண்டும். அதற்குமேற் சூடிருப்பின் உறையிலுள்ள பற்றீரியா மாண்டுபோம், குறைந்தால் தூங்கிவிடும். முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டியை எடுத்துக் கலக்கி, சட்டிகளில் வார்த்து, வாயைத் தாளால் மூடிக் கட்டி அடுக்கிவிடுகிறார். காலையிற் பார்த்தால் தயிர். இரவெல்லாம் வேலைசெய்தவை லக்ரோபசிலஸ் முதலிய பற்றீரியாக்கள். பாலிலுள்ள வெல்லத்தைத் தின்று இலற்றிக்கமிலத்தை வெளியிட, அவ்வமிலத்தாற் பாலின் புரதம் உறைகிறது. எருமைப்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு ஏழு எட்டு அளவில் இருக்கும்; பசுப்பாலிலோ ஏறக்குறைய நான்கு. மண்சட்டியும் தன் பங்குக்கு நீரைச் சிறிது உறிஞ்சி வெளியே ஆவியாக்கிவிடுகிறது. ஆகவேதான் அந்த இறுக்கம், அந்தக் குளிர்ச்சி. பிளாஸ்ரிக்குக் கோப்பைக்கு இது கைவராது.

இத்தகைய புளித்த பாலை உலகின் கண்முன் கொண்டுவந்து நிறுத்திய விஞ்ஞானி எலியா மெச்னிக்கோவ் என்பவர். 1845 இல் உருசியப் பேரரசிற் பிறந்து, பாரிசு நகரின் பாஸ்ரர் நிறுவகத்திற் பணியாற்றியவர். குருதியிலுள்ள வெண்கலங்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கும் உண்மையைக் கண்டமைக்காக 1908 இல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டுக் குடியானவர் நெடுநாள் வாழ்கின்றனர் என்றும், அவர்கள் நாள்தோறும் புளித்த பால் உண்கின்றனர் என்றும் கேள்வியுற்ற அவர், அப்பாலிலுள்ள பற்றீரியாவே ஆயுளை நீட்டுகிறதென எண்ணினார். அப்பற்றீரியாவைச் ஸ்ரமன் கிரிகொரோவ் என்னும் பல்கேரிய மாணவர் 1905 ஆம் ஆண்டிலே ஜெனீவாவில் இனங்கண்டிருந்தார். மெச்னிக்கோவ் தாமும் புளித்த பாலை ஒழுங்காக அருந்தி வந்தார். 1916 இல், 71 ஆம் வயதிற் காலமானார்.

ஆனால் இக்கதையில் வேடிக்கையான பகுதி இதுவன்று. தயிரைப் புகழ்ந்த அதே மெச்னிக்கோவ் பெருங்குடலை அடியோடு வெறுத்தார். நஞ்சு ஊறும் சாக்கடையென்றும், மனிதனுக்கு வேண்டாத உறுப்பென்றும் அதனை எண்ணினார். அக்காலத்திலே இலண்டனில் ஆர்பத்நொற் லேன் என்னும் பேர்பெற்ற சத்திர வைத்தியர், மலச்சிக்கலுக்கு மருந்தாகப் பெருங்குடலையே வெட்டி அகற்றி வந்தார் என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் அஃது உண்மை. தயிரின் பற்றீரியா அச்சாக்கடையிற் குடியேறித் தீய கிருமிகளை விரட்டுமென்பது மெச்னிக்கோவின் நம்பிக்கை. பிந்திய ஆராய்ச்சியோ வேறு விதமாகக் கூறுகிறது. தயிரிலுள்ள பற்றீரியாக்களில் ஒரு பகுதி உயிரோடு குடலைக் கடந்து செல்கின்றது. ஆங்கு நிலையாகத் தங்குவதில்லை. அவை விருந்தினர். விருந்தினராலும் வீட்டுக்கு நன்மை உண்டு. பாலிலுள்ள வெல்லத்தைச் சீரணிக்க இயலாத பலர் தயிரைத் தொல்லையின்றி உண்பது, அவ்வெல்லத்திற் சிறுபகுதியைப் பற்றீரியா முன்னமே தின்றுவிடுவதாலும், எஞ்சியதைச் சீரணிக்க உண்டபின்னும் உதவுவதாலுமே. ஆனால் வீட்டுக்காரர் வேறு.

அவ்வீட்டுக்காரர் யார்? மனித உடலிலுள்ள பற்றீரியாக்களின் தொகை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி எனவும், நம் உடலின் சொந்தக் கலங்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி எனவும் 2016 ஆம் ஆண்டில் இஸ்ரேலின் வைசுமன் நிறுவனத்தார் முன்னின்று வெளியிட்ட கணிப்புக் கூறுகின்றது. அவ்வளவும் சேர்ந்து நிறை 200 கிராம் அளவுதான். மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உறைகின்றன. சோற்றின் மாப்பொருளும் மீனின் புரதமும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுகின்றன. எஞ்சிப் பெருங்குடலை அடைவது நார்ப்பொருள். தவிட்டின் நார், கீரையின் நார், பயற்றின் நார் என அதிற் பல வகை. பெருங்குடலின் குடிகளுக்கு அதுவே படியளப்பு. அதனை நொதிக்கச்செய்து அவை ஆக்கும் பொருள்கள் யாவை? அசற்றிக்கமிலம், புரோப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம். எருமையின் வயிற்றிற் பிறந்த அதே மூன்று!

இவற்றுட் பியூற்றிரிக்கமிலம் வெண்ணெய் பழுதானால் நாறுகின்றதே, அந்த நாற்றத்துக்குரிய அமிலம். மூக்குக்கு ஆகாததாயினும் குடலுக்கு அதுவே அமுதம். பெருங்குடற் சுவரிலுள்ள கலங்கள் தம் சக்தியிற் பெரும்பங்கை இவ்வமிலத்திலிருந்தே பெறுகின்றன. இச்சிற்றமிலங்கள் குடற்சுவரிலுள்ள சில கலங்களைத் தூண்டி, இன்சுலின் சுரப்பதற்குத் துணைசெய்து பசியையும் அடக்கும் ஓர் ஓமோனை வெளியிடச் செய்கின்றன. இன்று நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் ஊசியாக ஏற்றப்படும் புதிய மருந்துகள் சில இவ்வோமோனைப் போலத் தொழிற்படுவனவே. படியளப்பு நின்றால் நேர்வது யாது? 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நாரற்ற உணவு கொடுக்கப்பட்ட எலிகளின் குடற் பற்றீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. குடிகள் பட்டினி கிடந்தால் வீட்டின் கூரையைப் பிரித்துத் தின்னும் என்க.

மதியம் உணவு பரிமாறினார்கள். பச்சைப்பெருமாள் என்னும் சிவப்பரிசிச் சோறு, வாவி மீன் குழம்பு, பாலாணம் (நாம் சொதி என்போமே, அதுதான்), பொன்னாங்காணிச் சுண்டல், வாழைப்பூ வறை. நமக்கு மரக்கறி மட்டும் போதுமென்று முன்னரே சொல்லியிருந்தோம்; ஆகவே மீனுக்கு ஈடாகப் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வந்தன. இறுதியிலே தயிர். பெத்தா தம் பங்குத் தயிரைச் சோற்றில் இட்டு, உப்புக்கல் ஒன்றையும் பச்சைக் கொச்சிக்காய் ஒன்றையும் வைத்துப் பிசைந்து உண்டார். தமக்கையார் பாணி ஊற்றிக்கொண்டார். மூத்த மகன் வெள்ளைச்சோறு தனியாக வருவித்து உண்டார், பட்டணத்திற் பழகிவிட்டதாம். தயிருக்குச் சீனி இரண்டு கரண்டி. சிறுவன் எதையும் தொடவில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த நூடில்ஸ் அவனுக்காகத் தனியே அவிக்கப்பட்டிருந்தது. நான்கு தலைமுறைக்கும் நான்கு வகை உணவு ஒரே பாயில்!

அப்போது தமக்கையார் தம்பியை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, பெரியவனுக்குச் சீனி வருத்தம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். தயிர் வித்த வீட்டிலயும் வருமா? தயிர் நல்லதெண்டுதானே எல்லாரும் வாங்குறாங்க?" நண்பர் நம்மைப் பார்த்தார். அதற்குரிய விடை அந்தப் பாயின்மேலேயே பரவிக் கிடந்தது. ஆனால் முப்பத்தைந்து வயது மகனின் முன்னிலையில் அதனைச் சொல்வது எளிதன்று.

இது ஒரு வீட்டின் துன்பமன்று. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்ட இலங்கையருட் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. அதன்பின் நிலைமை தேறியதாகக் கூறுவார் எவருமிலர். நீரிழிவுக்குக் காரணங்கள் பல. பரம்பரை உண்டு, உடலுழைப்பின்மை உண்டு, எடை உண்டு. அனைத்தையும் குடற் பற்றீரியாவின் தலையிற் சுமத்துதல் விஞ்ஞானமாகாது. ஆயினும், அதற்கும் பங்குண்டென்பதற்குச் சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. 2018 ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள் நீரிழிவு நோயாளரிற் சிலருக்குப் பலவகை நார்ப்பொருள் செறிந்த உணவு அளித்துப் பார்த்தனர். சிற்றமிலங்களை ஆக்கும் குறிப்பிட்ட பற்றீரியா வகைகள் அவர்கள் குடலிற் பெருகின. பெருகியோரிடத்துக் குருதிவெல்லம் கூடுதலாகத் தணிந்தது. 2015 இல் வெளியான மற்றோர் ஆய்விலே, அமெரிக்காவிலுள்ள கறுப்பினத்தவர் இருபதின்மரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் இருபதின்மரும் இரண்டு கிழமைக்கு உணவை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர் உண்ட நார் நாளொன்றுக்கு 14 கிராம் அளவிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. அவர்கள் குடலிற் பியூற்றிரிக்கமிலம் இரண்டரை மடங்காயிற்று. குடல் அழற்சியின் அறிகுறிகள் குறைந்தன. கிராமத்தவரிடத்து நேர்மாறாக நிகழ்ந்தது. இரண்டே கிழமை!

இதிலே ஆறுதலும் உண்டு, அச்சமும் உண்டு. இரண்டு கிழமையிற் கெடுவது இரண்டு கிழமையிற் சீராகவும் கூடுமென்பது ஆறுதல். அச்சம் வேறோர் ஆய்விலிருந்து வருவது. 2016 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் எலிகளை நார் குறைந்த உணவிலே நான்கு தலைமுறை வளர்த்தனர். தலைமுறைக்குத் தலைமுறை குடற் பற்றீரியாக்களின் வகைகள் அருகிக்கொண்டே சென்றன. நான்காம் தலைமுறைக்கு மீண்டும் நாருணவு கொடுத்தும் மறைந்த வகைகளிற் பெரும்பாலானவை திரும்பவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டிய முதுசம் இடையில் அழிந்துவிட்டது. எலியிற் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்துமெனத் துணியலாகாது. ஆயினும், பெத்தாவையும் நூடில்ஸ் தின்னும் சிறுவனையும் ஒரே பாயில் இருத்திப் பார்த்த எமக்கு அந்த எலிகள் நினைவுக்கு வந்தன.

இயற்கை இம்முதுசத்தை எத்துணைக் கருத்தோடு பேணுகிறதென்பதற்குத் தாய்ப்பாலே சான்று. தாய்ப்பாலிற் சிலவகைச் சிக்கலான வெல்லங்கள் உள்ளன. பாலின் வெல்லத்துக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுதியானவை அவையே. ஆயினும் குழந்தையால் அவற்றைச் சீரணிக்க முடியாது! அவை குழந்தைக்கன்று, குழந்தையின் குடலிற் குடியேறும் பற்றீரியாக்களுக்கு. தாய் தன் பிள்ளைக்கு மட்டும் பாலூட்டவில்லை. பிள்ளையின் குடிகளுக்கும் ஊட்டுகிறாள். இதனைச் சொன்னபோது பெத்தா சிரித்தார். "கண்டுக்கு முதற்பால் விடாம கறக்கப்படாது எண்டு எங்கட ஆக்கள் சும்மாவா சொன்னவங்க?" என்றார். கன்றின் சீம்பாலுக்குரிய காரணம் சற்று வேறாயினும், மறுத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை.

தமக்கையாரின் வினாவுக்கு நாம் அளித்த விடை இது. வைத்தியர் தந்த மருந்தை விடவேண்டாம். தயிரையும் விடவேண்டாம், அதில் இடும் சீனியை விடலாம். வெள்ளைச்சோற்றை விட்டு வீட்டுச் சிவப்பரிசிக்கு மீளலாம். சோற்றைக் குறைத்துக் கீரையையும் பயற்றையும் கூட்டலாம். மகன் தலையசைத்தார். தமக்கையார் விடவில்லை. "அப்ப தயிரால ஒண்டுமில்லையா?" என்று கேட்டார். தொழிலுக்கே இழுக்கு வந்துவிடுமோ என்ற கவலை அவர் முகத்திலே தெரிந்தது. அதற்கும் நல்ல விடை இருந்தது. 2021 இல் அதே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 36 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தயிர் முதலிய புளிக்கவைத்த உணவுகளையும், மற்றதற்கு நாருணவையும் பத்துக் கிழமை கொடுத்தனர். புளித்த உணவு உண்டோரின் குடலிற் பற்றீரியா வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நாருணவுக் குழுவில் அக்காலத்துள் வகைகள் பெருகவில்லை. சிறிய ஆய்வுதான், எனினும் தயிரைத் தள்ளிவைக்கலாகாதென்பதை உணர்த்துகிறது. விருந்தினர் வந்துபோகும் வீடு கலகலப்பாக இருக்கும். ஆனால் உலையில் அரிசி போடாமல் விருந்தினரை மட்டும் அழைத்தாற் குடும்பம் நடவாது. குளிகை பற்றிக் கேட்ட மாணவனுக்கும் இதையே சொல்லுவோம்.

மறுநாட் காலை பெத்தாவின் பழஞ்சோறு. முந்தின இரவு நீரூற்றி வைத்த சோற்றிற் தயிரும் சின்னவெங்காயமும் சேர்த்துப் பிசைந்து கையிற் திரணையாகத் தந்தார். இதிலும் ஓர் இரசாயனம் உண்டு. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி மீண்டும் இறுகிச் சிறுகுடலின் நொதியங்களுக்கு எட்டாத வடிவத்தை அடைகிறது. எட்டாதது பெருங்குடலுக்குச் சென்று நாரைப் போலவே பயன்படுகிறது. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவரொருவரும் அவர்தம் ஆசிரியரும் இலங்கை அரிசி வகைகள் 38 ஐ ஆராய்ந்து, தேங்காயெண்ணெய் சிறிது சேர்த்துச் சமைத்துப் பன்னிரண்டு மணிநேரம் குளிரூட்டிய சோற்றில் இத்தகைய மாப்பொருள் கூடுவதை 2015 ஆம் ஆண்டிலே அமெரிக்க இரசாயனக் கழகத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தனர். பத்திரிகைகள் அதனைப் பெரிதுபடுத்தின. ஆய்வுகூட முடிவை மனிதரிற் சோதித்த பின்னரே முடிந்த முடிவாகக் கொள்ளல் வேண்டும். பெத்தா அதுவரை காத்திருக்கவில்லை. ஒன்றை மட்டும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். கொதித்தாறிய நீரைத்தான் ஊற்றவேண்டும், சட்டியை மூடவேண்டும், அடுத்த நாள் மதியத்துக்கு மேல் வைக்கலாகாது. வெப்பநாட்டிலே சோற்றில் நச்சுக் கிருமியும் வளரும் என்பதால் இவ்விதியை எந்த விஞ்ஞானியும் ஏற்பான்.

அத்தானுடன் பட்டியைப் பார்க்கச் சென்றோம். அவர் பேசியது பற்றீரியாவைப் பற்றியன்று, புல்லைப் பற்றி. அறுவடைக்குப் பின் எருமைகள் வட்டையிலே தாளடி மேயும். மாரியில் வேளாண்மை தொடங்கிவிட்டால் அவற்றைத் தூர மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்லவேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகள் பயிர்ச்செய்கைக்குப் பிடிக்கப்படுவதை எதிர்த்துப் பாற்பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியிலே போராட்டந் தொடங்கியதை வாசகர்கள் பத்திரிகைகளிற் படித்திருப்பார்கள். "புல்லில்லாட்டி எருமையில்ல, எருமையில்லாட்டி சட்டியில என்னத்த ஊத்துற?" என்றார் அத்தான். ஒரு மனிதனின் குடலிலிருந்து தொடங்கிய நம் சிந்தனை காட்டோரத்துப் புற்றரையில் வந்து நின்றது.

திரும்பும் வழியில், கடைத்தெருவிலே வெறுஞ் சட்டிகள் அடுக்கிய லொறியொன்றும், சோடாப் போத்தல் ஏற்றிய லொறியொன்றும் எதிரெதிராக நின்றன. போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு வட்டம் இருந்தது. 2016 இல் அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு அது. தயிர் பட்டணத்துக்குப் போகிறது, சோடா படுவான்கரைக்கு வருகிறது. எழுவான்கரையில் வண்டி மாறும்போது இரண்டும் ஒரே கடை வாசலில் இறங்குவதையும் கண்டோம்.

தமக்கையார் நமக்குத் தயிர்ச்சட்டி ஒன்றும், சிறு முட்டியொன்றில் உறையும் தந்தனுப்பியிருந்தார். தயிர்ச்சட்டியை வழியிலேயே நண்பரும் நாமும் ஏறக்குறைய முடித்துவிட்டோம், சீனி இடவில்லை. உறை யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்குள் நன்கு புளித்திருந்தது. வீட்டில் அதனைப் பசுப்பாலிற் கலக்கி வைத்தார்கள். விடியலிற் திறந்து பார்த்தோம். எருமைத் தயிரின் இறுக்கம் இல்லை, சாய்த்தால் சிந்தும். புளிப்பும் மணமும் மட்டும் படுவான்கரையினவே. அன்றிலிருந்து ஒவ்வோரிரவும் அதிலொரு கரண்டி மறுநாளைக்கு எடுத்துவைக்கப்படுகிறது.